கம்போவில் தொடங்குங்கள்: கோலாலம்பூரில் கேஜன் உணவகத்துக்குப் போகிறவர்களுக்கு

கோலாலம்பூரில் மேற்கத்திய உணவு விற்கும் கடைகள் பலவற்றின் விலைப்பட்டியலில் 'கேஜன்' என்ற சொல் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறது. உருளைக்கிழங்கு வறுவலின் மேல் சிவப்புப் பொடியைத் தூவினால் அது கேஜன் ஃபிரைஸ். அதே பொடியைக் கோழியின் மேல் தடவினால் அது கேஜன் சிக்கன் சாப். பாப்ரிக்கா, காயென் மிளகாய், பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, மிளகு, ஓரிகானோ, தைம் ஆகியவை கலந்த அந்தப் பொடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை மட்டும் சுவைத்துவிட்டு ஒரு சமையலை அறிந்துகொண்டதாக நினைப்பது, பொட்டலத் தூள் தூவிய மேகி மீயைச் சாப்பிட்டுவிட்டுச் செட்டிநாட்டுச் சமையலைப் பற்றிப் பேசுவதைப் போன்றது.

அமெரிக்கத் தென்னகத்தின் சமையலை, குறிப்பாக 'கேஜன்' என்ற சொல் பிறந்த லூசியானா மாநிலத்தின் சமையலை, முறையாகச் சமைத்துத் தரும் ஓர் உணவகத்துக்குக் குடும்பத்தோடு முதன்முறையாகப் போகும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்ன கேட்பது, எதைத் தவிர்ப்பது, எதை வைத்துச் சமையற்காரரின் கைத்திறனை எடைபோடுவது என்பவற்றை, நானும் என் வீட்டாரும் பட்டறிந்த வரையில் சொல்கிறேன்.

கடையை அறிந்துகொள்ளுதல்

உட்காருவதற்கு முன்பே விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் சோற்றோடு சேர்ந்த உணவுகள் இருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி. கம்போ (சோற்றின் மேல் ஊற்றும் குழம்பு), ஜம்பலாயா (இறைச்சியோடு ஒரே சட்டியில் வேகவைத்த சோறு), எட்டூஃபே (சோற்றோடு வரும் கெட்டியான கடலுணவுக் குழம்பு), சிவப்பு பீன்ஸும் சோறும் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருந்தால், உள்ளே யாரோ உண்மையில் சமைக்கிறார்கள் என்று நம்பலாம். பர்கரும் சாப்பும் வறுவலும் மட்டுமே இருந்து, ஒவ்வொன்றின் முன்னும் 'கேஜன்' என்ற அடைமொழி இருந்தால், அங்கே பொடி டப்பாதான் சமைக்கிறது.

அமெரிக்கத் தென்னகம் முழுவதும் ஒரே சமையல் என்று நினைத்துவிடக் கூடாது. நம் நாட்டவருக்கு அந்தத் தென்னகம் பெரும்பாலும் கென்டக்கியின் பொரித்த கோழி வழியாகத்தான் அறிமுகமாயிற்று. 1973ஆம் ஆண்டு ஜாலான் துங்கு அப்துல் ரகுமானில் கேஎஃப்சி தன் முதல் கடையைத் திறந்ததிலிருந்து கோல்ஸ்லாவும் மசித்த உருளைக்கிழங்கும் நமக்குப் பழகிவிட்டன. சோளமாவுக் கஞ்சியின் மேல் இறாலை வைத்துத் தரும் 'ஷிரிம்ப் அண்ட் கிரிட்ஸ்', தென் கரோலினாவின் கடலோரத்துக்கு உரியது. மிளகாய் எண்ணெயில் குளித்த காரக் கோழி டென்னசியின் நாஷ்வில் நகரத்தது. கம்போவும் ஜம்பலாயாவும் லூசியானாவினுடையவை. ஓர் உணவகம் இவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தால் அது பிழையில்லை. நம் வாழை இலைக் கடைகளில் தஞ்சாவூரும் கேரளமும் ஒரே இலையில் வந்து சேர்வதில்லையா?

லூசியானாவுக்குள்ளும் இரண்டு மரபுகள் உண்டு. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பகுதியில் வாழ்ந்த அக்கேடியர்கள் என்னும் பிரெஞ்சு மொழி பேசும் குடியானவர்களை ஆங்கிலேயர்கள் 1755இல் தொடங்கி ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அலைந்து திரிந்து லூசியானாவின் சதுப்பு நிலங்களிலும் புல்வெளிகளிலும் குடியேறினார்கள். 'அக்கேடியன்' என்ற பெயர் தேய்ந்துதான் 'கேஜன்' ஆயிற்று. இவர்களுடையது கிராமத்துச் சமையல்: ஒரே சட்டி, கிடைத்த இறைச்சி, கிடைத்த நண்டு. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்கக் கைகள் கலந்து உருவானது கிரியோல் சமையல். அதில் தக்காளியும் வெண்ணெயும் தாராளமாகப் புழங்கும். ஜம்பலாயா சிவப்பாக வந்தால் கிரியோல் வழி, பழுப்பாக வந்தால் கேஜன் வழி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

வேரூன்றிய இடத்தைவிட்டு வெகுதூரம் வந்த சமையல் இது என்பதும் நினைவில் இருக்கட்டும். அமெரிக்காவுக்குள்ளேயே, 1910க்கும் 1970க்கும் இடையில் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களைவிட்டுச் சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது, தென்னகச் சமையலும் அவர்களோடு வடக்கே ஏறிப் போயிற்று. அங்கே குளிரில் கிடைக்காத கீரைக்கு வேறு கீரையும், கிடைக்காத மீனுக்கு வேறு மீனும் வந்தன. தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்த நம் பாட்டிமார்கள், ஊரிலிருந்து வராத பொருளுக்குப் பதிலாகப் பண்டானையும் தேங்காய்ப்பாலையும் எடுத்துக்கொண்டதைப் போலத்தான் இதுவும். ஆகையால் கோலாலம்பூரில் ஒரு பொருள் மாறியிருப்பதைக் கண்டதும் 'இது அசல் இல்லை' என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. எது மாறியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கம்போ

வாழை இலைக் கடையின் தரத்தை ரசத்தைக் குடித்துப் பார்த்துச் சொல்லும் மூத்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். கேஜன் உணவகத்தில் அந்த வேலையைச் செய்வது கம்போ. மேசைக்கு ஒரு கிண்ணம் கம்போவை மட்டும் முதலில் வாங்கி, ஆளுக்கு இரண்டு கரண்டி பகிர்ந்துகொண்டு, அதற்குப் பிறகு மற்றவற்றைக் கேளுங்கள். கம்போ நன்றாக இருந்தால் பட்டியலில் உள்ள எதையும் துணிந்து வாங்கலாம். கம்போ சரியில்லை என்றால் பொரித்த கோழியோடு நிறுத்திக்கொண்டு வீடு திரும்பலாம்.

கம்போ என்பது சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடும் கெட்டியான குழம்பு. வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களின் சமையலிலிருந்து வெண்டைக்காய் அந்தச் சட்டிக்குள் வந்தது. குழம்பைக் கெட்டியாக்க வெண்டைக்காயைத் தவிர வேறு இரண்டு வழிகளும் உண்டு. ஒன்று, சாசஃப்ரஸ் மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த ஃபிலே என்னும் பச்சைப் பொடி. இது சாக்டா பழங்குடியினர் தந்தது. அதை முகர்ந்தால் ஏ அண்ட் டபிள்யூ கடையின் ரூட் பியர் நினைவுக்கு வரக்கூடும், ஏனென்றால் ரூட் பியருக்கு முற்காலத்தில் வாசம் தந்தது அதே மரத்தின் வேர். மற்றொன்று ரூ.

இந்த ரூவில்தான் சமையற்காரரின் பொறுமை தெரியும். எண்ணெயில் கோதுமை மாவைப் போட்டு, மிதமான தீயில், அரைமணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை கரண்டியைக் கீழே வைக்காமல் கிளற வேண்டும். மாவு முதலில் வேர்க்கடலை நிறத்துக்கும், பிறகு செம்பு நிறத்துக்கும், கடைசியில் கறுப்புச் சாக்லேட் நிறத்துக்கும் வரும். அந்தக் கட்டத்தில் வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் ஆகிய மூன்றையும் நறுக்கிப் போட்டால் மாவின் சூடு தணிந்து நிறம் அங்கேயே நின்றுவிடும். இந்த மூன்றும் அவர்களுக்கு நம்முடைய கடுகு, உளுந்து, கறிவேப்பிலையைப் போன்றவை. சம்பால் தூமிஸ் செய்கிறவர்களுக்கு, எண்ணெய் பிரியும் வரை அடுப்பைவிட்டு நகர முடியாத அந்த நிலை நன்றாகத் தெரியும். ரூவும் அதே வகையில் ஆளைக் கட்டிப்போடும் வேலை. ஒரு நிமிடம் கைபேசியைப் பார்த்தால் கருகிவிடும், கருகினால் முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.

ஆகவே கிண்ணம் வந்ததும் நிறத்தைப் பாருங்கள். கோழியும் சாசேஜும் போட்ட கம்போ அடர்ந்த பழுப்பாக இருக்க வேண்டும். வறுத்த கொட்டையின் வாசம் வர வேண்டும். பச்சை மாவின் சுவை நாக்கில் ஒட்டினால் அவசரப்பட்டிருக்கிறார்கள்; கசப்போடு கறுப்புத் துகள்கள் மிதந்தால் கருகவிட்டதை மறைத்திருக்கிறார்கள். குழம்பு கொஞ்சம் நீர்த்திருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். மாவு கறுக்கக் கறுக்க அதன் கெட்டிப்படுத்தும் ஆற்றல் குறைந்துவிடும். எனவே நன்றாக வறுத்த ரூவில் செய்த கம்போ, சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடைப்பட்ட பதத்தில் இருப்பது இயல்பு. கூழைப் போலத் திரண்டு வந்தால்தான் எனக்குச் சந்தேகம் எழும்.

கம்போவோடு ஒரு சிறு கிண்ண அளவு சோறுதான் நடுவில் இருக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் முறையிடுவது இதைப் பற்றித்தான். கூடுதல் சோறு கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றாலும், குழம்பைச் சோற்றில் பிசைவதற்குப் பதிலாகக் குழம்பில் சோற்றை மிதக்கவிட்டுக் கரண்டியால் சாப்பிட்டுப் பாருங்கள். அந்த அளவுக்குத்தான் உப்பும் காரமும் போடப்பட்டிருக்கின்றன.

எந்த இறைச்சி என்று கேளுங்கள்

லூசியானாச் சமையலின் முதுகெலும்பு பன்றி இறைச்சி. ஆண்டூயி என்பது புகையூட்டிய பன்றி சாசேஜ். டாஸோ என்பது உப்பும் மிளகாயும் தடவிப் புகையூட்டிய பன்றித் தோள்கறி. பூடான் என்பது பன்றி இறைச்சியையும் சோற்றையும் சேர்த்துக் குடலில் அடைத்தது. இந்தப் பெயர்கள் உணவின் தலைப்பில் இல்லாமல், கம்போவிலும் ஜம்பலாயாவிலும் சிவப்பு பீன்ஸிலும் வாசத்துக்காகப் போடப்பட்டிருக்கும்.

கோலாலம்பூரில் ஹலால் முறையில் நடக்கும் கடையில் இவை எல்லாம் மாற்றப்பட்டிருக்கும். அங்கேதான் நம்மில் பலர் தடுக்கி விழுகிறோம். பன்றிக்குப் பதிலாக என்ன வரும்? கோழி வரலாம், வான்கோழி வரலாம். ஆனால் புகை வாசமும் கொழுப்பும் வேண்டும் என்பதற்காகப் பல சமையற்காரர்கள் மாட்டிறைச்சியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது, லூசியானாவிலேயே சாப்பிட்டிருந்தால் மாட்டிறைச்சியைச் சந்தித்திருக்க மாட்டாத உணவில், ஹலால் மாற்றத்தின் காரணமாக இங்கே அது வந்து சேர்கிறது.

எங்கள் சித்தப்பா கிள்ளானிலிருந்து வந்திருந்த ஒரு நாள் அவரை இப்படிப்பட்ட ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். அறுபத்தெட்டு வயது வரை மாட்டிறைச்சியைத் தொடாதவர். ஹலால் கடைதானே என்ற நினைப்பில், பன்றியைப் பற்றிய கவலை நீங்கியதும் வேறு எதையும் நான் கேட்கவில்லை. சிவப்பு பீன்ஸும் சோறும் வந்தது; சித்தப்பா விரும்பிச் சாப்பிட்டார். பாதியில், "தம்பி, இந்தச் சாசேஜு கோழிதானே?" என்று கேட்டார். பரிமாறிய பையனைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவன் மிக மரியாதையாக, மாடு என்றான். சித்தப்பா யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் சோளரொட்டியை மட்டும் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்காதது என் பிழை. இப்போதெல்லாம் உட்கார்ந்தவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி, "சாசேஜில் என்ன இறைச்சி, பீன்ஸிலும் கீரையிலும் என்ன கொழுப்பு?" என்பதுதான்.

தமிழ் முஸ்லிம் நண்பர்களோடு போகிறவர்கள் ஜாக்கிம் தரும் ஹலால் சான்றிதழைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். 'பன்றி இல்லை' என்ற அறிவிப்பு, கோழியை அறுத்த முறையைப் பற்றியோ மதுவைப் பற்றியோ ஒன்றும் சொல்வதில்லை. இந்தச் சமையலில் மது எதிர்பாராத இடங்களில் இருக்கும்: ரொட்டிப் புட்டிங்கின் மேல் ஊற்றும் விஸ்கிப் பாகு, மீனைத் தோய்க்கும் பீர் கலந்த மாவு, ரம்மை ஊற்றித் தீமூட்டும் பனானாஸ் ஃபாஸ்டர் என்னும் வாழைப்பழ இனிப்பு. தீமூட்டினால் மது முழுவதும் எரிந்துபோகும் என்று சிலர் சொல்வது சரியில்லை. ஒரு பங்கு தங்கத்தான் செய்யும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு நான் நேராகவே சொல்லிவிடுகிறேன்: இது உங்களுக்கான கடையில்லை, புரட்டாசி மாதத்திலும் வெள்ளிக்கிழமை விரதத்திலும் வேறு இடம் பார்ப்பது நல்லது. காய்கறி போலத் தெரிவதில் எல்லாம் இறைச்சி ஒளிந்திருக்கும். காலர்ட் கீரையை எலும்போடு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். 'டர்ட்டி ரைஸ்' என்னும் சோற்றின் கருமைக்குக் காரணம் கோழி ஈரல். பச்சைக் கீரைகளால் ஆன கம்போ ஒன்று உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமையில் சமைக்கப்படும் அதிலும்கூடப் பல வீடுகளில் சாசேஜ் போடுகிறார்கள். புத்தாண்டன்று நல்லது நடக்கும் என்று நம்பிச் சாப்பிடும் 'ஹாப்பின் ஜான்', நம் தட்டைப்பயறும் சோறும்தான், ஆனால் பன்றிக் கொழுப்போடு. சோளமாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காயையும் பச்சைத் தக்காளியையும் சாப்பிடலாம் என்றாலும், அதே எண்ணெயில் இறாலையும் பொரித்திருப்பார்கள் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

காரத்தைப் பற்றிய ஏமாற்றம்

நம்மவர்களில் பாதிப் பேர் கேஜன் உணவகத்துக்குப் போவது காரத்துக்காக. அவர்களில் ஏறக்குறைய எல்லாருமே ஏமாந்துதான் திரும்புகிறார்கள். லூசியானாவின் புகழ்பெற்ற தபாஸ்கோ சாஸ், எட்மண்ட் மக்கில்ஹென்னி என்பவர் ஏவரி தீவில் 1868இல் விற்கத் தொடங்கியது. மிளகாயை உப்போடு அரைத்து, ஓக் மரப் பீப்பாய்களில் மூன்று ஆண்டுகள் வரை ஊறவைத்து, பிறகு வினிகர் சேர்க்கிறார்கள். அதன் காரம் ஸ்கோவில் அளவையில் 2,500 முதல் 5,000 வரை. நம் சிலி பாடி 50,000க்கும் மேல். எனவே புட்டியைக் கவிழ்த்துத் தட்டு முழுவதும் ஊற்றினால் காரம் ஏறுவதற்குப் பதிலாக உணவு புளித்துப்போகும். இரண்டு சொட்டு விட்டு, கொழுப்பான குழம்பில் அந்தப் புளிப்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். நாம் மீன்குழம்புக்குப் புளி கரைப்பதன் காரணமும் அதுதானே. அத்தை ஒருவர் கைப்பையிலிருந்து பச்சை மிளகாயை எடுத்துக் கடித்துக்கொண்டதையும் நான் பார்த்திருக்கிறேன். அதைத் தடுக்க எனக்குத் துணிவில்லை.

காரம் என்ற பேச்சில் 'பிளாக்கன்ட்' மீனையும் சொல்லியாக வேண்டும். மீன் துண்டை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, மசாலாவை அப்பி, புகையும் அளவுக்குக் காய்ந்த இரும்புச் சட்டியில் போட்டெடுப்பது அது. கறுப்பது மசாலாதான், மீன் கருகியிருக்கக் கூடாது. இதைப் பரவச் செய்தவர் பால் புருடோம் என்னும் லூசியானாச் சமையற்காரர். 1979இல் நியூ ஆர்லியன்ஸில் கடை திறந்த அவருடைய கைப்பக்குவத்தை, 1980களில் அமெரிக்கா முழுவதும் உள்ள உணவகங்கள் பார்த்துச் செய்யத் தொடங்கின. அதனால் 'ரெட்ஃபிஷ்' என்று அவர்கள் அழைக்கும் அந்த ஒரே மீனை மெக்சிகோ வளைகுடாவில் அளவுக்கு மீறிப் பிடித்து, வணிக மீன்பிடிப்புக்குத் தடை போடும் அளவுக்கு நிலைமை போயிற்று. கோலாலம்பூரில் அந்த மீன் தேவையில்லை. சியாக்காப் என்று இங்கே நாம் வாங்கும் கொடுவாவில் இது அருமையாக வரும். 'டோரி' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பாத்தின் வகை மீனாக இருக்கும். மென்மையான அந்தச் சதை இவ்வளவு சூட்டைத் தாங்காமல் உதிர்ந்துவிடும் என்பதால், நான் வாங்குவதில்லை.

மேசையில் கொட்டும் கடலுணவு

ஷெல் அவுட் கடைகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதியதன்று: மேசையின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் நண்டும் இறாலும் சோளமும் உருளைக்கிழங்கும் குவியலாக, கையால் பிய்த்துச் சாப்பிடும் கூட்டம். லூசியானாவில் இதற்குப் பெயர் பாயில். நம் ஊர் ஷெல் அவுட்டில் வெந்த பிறகு மேலே சாற்றை ஊற்றுகிறார்கள். லூசியானாவில் மசாலாவைக் கொதிநீரிலேயே கரைத்துவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு கடலுணவை அதே நீரில் ஊறவிடுகிறார்கள். ஊறும்போதுதான் உறைப்பு ஏறும். அதிலும் உருளைக்கிழங்கு எல்லாவற்றையும்விட அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், குழந்தைகளுக்குச் 'சாதுவான' கிழங்கை எடுத்துக் கொடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

அங்கே இதன் அரசன் கிராஃபிஷ் என்னும் சிவப்பு நன்னீர்ச் சிங்கிறால். இங்கே அந்தப் பெயரில் வருவது அதே வகையாகவும் இருக்கலாம், ஆஸ்திரேலிய வகையாகவும் இருக்கலாம், உறையவைத்ததாகவும் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எடைக்கு விலை போட்டிருந்தால் 100 கிராமுக்கா, கிலோவுக்கா என்று உறுதிசெய்துகொண்டு, ஒரு கணக்கையும் மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்: சிவப்புக் கிராஃபிஷின் எடையில் ஏறக்குறைய 15 விழுக்காடுதான் வால் சதை. ஒரு கிலோ வாங்கினால் உண்ணக் கிடைப்பது சுமார் 150 கிராம். லூசியானாக்காரர்கள் ஆளுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வாங்குவதன் காரணம் இது. நான்கு பேருக்கு ஒரு கிலோ போதும் என்று கணக்குப் போட்டுப் போனால் பசியோடு மாமாக் கடையில்தான் இரவு முடியும்.

சாப்பிடும் முறை எளிது. தலையை ஒரு கையிலும் வாலை மறு கையிலும் பிடித்து, திருகி இழுத்துப் பிரியுங்கள். வாலின் மேல் வளையம் ஒன்றிரண்டை உரித்துவிட்டு, அடிப்பகுதியைக் கிள்ளினால் சதை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். தலையிலுள்ள மஞ்சள் கொழுப்பை உறிஞ்சுவது அவர்களுக்குப் பெருமை. நண்டின் ஓட்டை உறிஞ்சி வளர்ந்த நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடது கையைச் சாப்பாட்டில் சேர்க்காதவர்கள் இந்த ஒரு நாள் விதியைத் தளர்த்தத்தான் வேண்டும், ஒரு கையால் இதைச் செய்ய முடியாது. வெள்ளைச் சட்டை வேண்டாம். இறாலுக்கும் நண்டுக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தக் கடைகளில் குழம்பின் அடிச்சாற்றைப் பற்றியும் விசாரிக்க வேண்டும், ஏனென்றால் கோழிக் குழம்புக்குக்கூட இறால் ஓட்டை வேகவைத்த சாறு ஊற்றப்பட்டிருக்கலாம்.

மற்றவை, சுருக்கமாக

பொரித்த கோழியை மோரில் ஊறவைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மோரின் புளிப்பு சதையை மென்மையாக்கும். 'பிஸ்கட்' என்று வருவது தேநீரில் தோய்க்கும் பிஸ்கட் இல்லை, உப்பிட்ட மென்மையான ரொட்டி. சூடாக வராவிட்டால் திருப்பி அனுப்பலாம். ஹஷ் பப்பி என்பது சோளமாவு போண்டா. போ பாய் என்னும் நீளமான சாண்ட்விச், 1929இல் நியூ ஆர்லியன்ஸில் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மார்ட்டின் சகோதரர்கள் என்னும் கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுத்ததிலிருந்து பெயர் பெற்றது என்பார்கள். ரொட்டியின் மேல்தோல் மொறுமொறுப்பாக இல்லையென்றால் அதில் ஒன்றுமில்லை. சோளரொட்டி, பிஸ்கட், ஹஷ் பப்பி, ஜம்பலாயா நான்கையும் ஒரே மேசைக்கு வரவழைத்துவிடாதீர்கள். நாங்கள் செய்திருக்கிறோம், பத்து நிமிடத்தில் எல்லோரும் மூச்சுமுட்டிப் போனோம். நான்கு பேருக்கு ஒரு கம்போ, ஒரு ஜம்பலாயா, ஒரு மீன் அல்லது கோழி, ஒரு கோல்ஸ்லா, ஒரு சோளரொட்டி போதும்.

'ஸ்வீட் டீ' நம் தே ஓ ஐஸைவிடத் தித்திப்பாக இருக்கும். சர்க்கரை நோயாளிகள் எலுமிச்சை நீரைக் கேட்கலாம்.

பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் சேரும். 100 வெள்ளிச் சாப்பாடு 116 வெள்ளியைத் தொடும். இங்கே தனியாக டிப்ஸ் கொடுக்கும் கட்டாயமில்லை. சிகாகோவில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அங்குள்ள தென்னக உணவகத்தில் இதே பழக்கத்தைக் காட்டினால் பிள்ளைகள் தலைகுனிய நேரிடும். அங்கே 18 முதல் 20 விழுக்காடு கொடுப்பது வழக்கம்.

முடிவில் காபி. சர்க்கரைத் தூளில் புதைந்து வரும் பெனியே என்னும் சதுரப் பணியாரத்தோடு சிக்கரி காபி இருந்தால் தவறவிடாதீர்கள். 1861இல் தொடங்கிய உள்நாட்டுப் போரின்போது கடல்வழி முற்றுகையால் காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து முன்பே அறிந்திருந்த சிக்கரி வேரை வறுத்துக் கலந்து குடித்த நியூ ஆர்லியன்ஸ் மக்கள், போர் முடிந்த பிறகும் அந்தச் சுவையை விடவில்லை. அதில் சரிபாதி சூடான பாலை ஊற்றித் தருவார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஃபில்டர் காபி குடித்து வளர்ந்த என் மாமா, அன்றைய சாப்பாட்டில் கம்போவைப் பற்றியோ கோழியைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லாதவர், இந்தக் காபியை ஒரு மடக்குக் குடித்ததும், "இது நம்ம காபி மாதிரில்ல இருக்கு" என்று கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது கோப்பையும் வாங்கிக்கொண்டார்.

மிஞ்சிய கம்போவைத் தாப்பாவ் செய்யச் சொல்லுங்கள். சோற்றைத் தனியாகக் கட்டித் தரும்படி கேளுங்கள், இல்லையென்றால் இரவுக்குள் சோறு குழம்பை எல்லாம் குடித்துவிடும். மீன்குழம்பைப் போலவே கம்போவும் மறுநாள்தான் தேறும். காலையில் பசியாறச் சூடாக்கும்போது, ஃபிலே பொடி போட்ட கம்போவாக இருந்தால் கொதிக்கவிடாதீர்கள். கொதித்தால் அது நூல் நூலாக இழுக்கும். இளந்தீயில், ஆவி பறக்கத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள்.